தோட்டத்து வெளிச்சத்துக்கு எந்த ஃபில்டர்? குறைந்த செலவில் தேர்ந்தெடுக்கும் வழி

கேமரா வாங்கிய கையோடு, லென்ஸின் முன் திருகி மாட்டும் கண்ணாடிகளான ஃபில்டர்கள் ஒரு டஜன் அடுக்கிய பெட்டியையும் வாங்கிவிடாதீர்கள். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் படம் எடுக்கப் பழகும் இளைஞர்கள் "அண்ணே, இந்தப் பெட்டி வாங்கலாமா?" என்று கைப்பேசியை நீட்டும்போதெல்லாம் நான் சொல்வது இதுதான். யூவி, போலரைசர், என்டி வகையில் மூன்று, ஆரஞ்சு, நீலம், ஊதா, ஒரு பை, ஒரு துடைக்கும் துணி என எல்லாம் சேர்த்து ஒரே விலை. பார்க்க மலிவாகத் தெரியும். அவற்றில் நமக்கு உதவக்கூடியவை இரண்டு. அந்த இரண்டும் எதிரொளிப்பைக் குறைக்கும் பூச்சில்லாத மட்டமான கண்ணாடியில் இருக்கும். மற்றவை மேசை இழுப்பறைக்குப் போய்விடும். அதே காசை ஒரே ஒரு நல்ல ஃபில்டரில் போட்டால் ஆண்டுக்கணக்கில் உழைக்கும்.

நான் செம்பனை (எண்ணெய்ப் பனை) ஆலை ஒன்றின் எடைமேடையில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருக்கிறேன். ஓய்வு நாள்களில் தோட்டத்துக் கோயில் திருவிழாக்களையும், இன்னும் இடிக்கப்படாமல் மிஞ்சியிருக்கும் லயத்து வீடுகளையும் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) படம் எடுக்கிறேன். மலேசியாவில் 2025 பிப்ரவரி முதல் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி (ரிங்கிட்). அந்தச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்து, மோட்டார் சைக்கிள் தவணை கட்டி, மிச்சம் பிடித்துப் பழைய கேமரா ஒன்றை வாங்கியவருக்கு 200 வெள்ளி என்பது பெரிய தொகை. அந்தத் தொகை வீணாகக்கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

முதலில் அளவு. லென்ஸின் முன்விளிம்பில், அல்லது மூடியின் உட்புறத்தில், வட்டத்துக்குக் குறுக்கே கோடு போட்ட ஒரு குறி இருக்கும். அதன் பக்கத்தில் உள்ள எண்தான் ஃபில்டர் அளவு. லென்ஸின் பெயரில் வரும் எண்ணை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. கேனனின் 50 எம்எம் எஃப் 1.8 எஸ்டிஎம் லென்ஸுக்கு 49 மில்லிமீட்டர் ஃபில்டர் வேண்டும். கேமராவோடு வரும் கேனன் 18-55 லென்ஸுக்குப் பெரும்பாலும் 58. நிக்கானின் பழைய 18-55க்கு 52, புதிய ஏஎஃப்-பி வகைக்கு 55. சோனியின் சின்ன 16-50க்கு 40.5. ஒரே நிறுவனத்தின் லென்ஸ்களுக்குள்ளேயே அளவு மாறும் என்பதால், "என்னுடையது கேனன்" என்று மட்டும் கடைக்காரரிடம் சொன்னால் போதாது. எண்ணைக் குறித்துக்கொண்டு போங்கள்.

இரண்டு மூன்று லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஃபில்டர் வாங்கத் தேவையில்லை. இருப்பதிலேயே பெரிய அளவுக்கு ஒன்றை வாங்கி, சிறிய லென்ஸ்களுக்கு ஸ்டெப்-அப் வளையம் போட்டுக்கொள்ளலாம். 49இலிருந்து 58, 52இலிருந்து 58 என்று வளையங்கள் கிடைக்கின்றன, விலையும் குறைவு. பிறகு பெரிய லென்ஸ் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே 67 அல்லது 77க்குப் போகலாம், ஆனால் அளவு ஏற ஏற ஃபில்டரின் விலையும் ஏறும். எண்ணம் வெறும் ஆசையாக இருந்தால் இப்போது கையில் உள்ள லென்ஸுக்கே வாங்குங்கள். வளையத்தில் பித்தளை கிடைத்தால் நல்லது. அலுமினியம் சில நேரம் கடித்துப் பிடித்துக்கொள்ளும். பெரிய லென்ஸில் சிறிய ஃபில்டரைப் பொருத்தும் ஸ்டெப்-டவுன் வளையம் வேண்டாம். படத்தின் மூலைகள் கறுத்துவிடும். ஸ்டெப்-அப் போட்டால் பெரும்பாலும் லென்ஸின் சொந்த நிழல்மூடியை (ஹூட்) மாட்ட முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இனி எதை வாங்குவது? நம் ஊரில் இருப்பவர் ஒரே ஒரு ஃபில்டர்தான் வாங்க முடியும் என்றால் அது போலரைசராக இருக்கட்டும். பரப்புகளில் மின்னும் பிரதிபலிப்பை அடக்கும் ஃபில்டர் இது. கடைகளில் சிபிஎல் என்று எழுதியிருக்கும். இதற்கு நான் சொல்லும் காரணம் விளம்பரங்களில் வருவதிலிருந்து வேறுபட்டது. விளம்பரத்தில் வானம் கருநீலமாக இருக்கும். நம் வானம் பாதி நாள் வெண்மேகம் மூடிக் கிடக்கிறது. மேகம் மூடிய வானத்தில் போலரைசர் எதுவும் செய்யாது. நமக்கு அது இலைக்காகத் தேவை.

மழை விட்ட பிறகு செம்பனைக் காட்டுக்குள் நின்று பாருங்கள். ஒவ்வொரு மட்டையின் மீதும் வானத்தின் வெள்ளை வெளிச்சம் பளபளக்கும். கண் அதைப் பொருட்படுத்தாது. படத்தில் பச்சை வெளிறிச் சாம்பல் பூத்ததுபோல் வரும். போலரைசரின் முன்வளையத்தை மெதுவாகத் திருப்புங்கள். மட்டையின் மேலிருந்த வெள்ளைத் திட்டு சுருங்கி, இலைக்காம்பு வரை போய் மறையும். அடியில் இருந்த பச்சை தெரியும். மரத்தடியில் வெட்டிப் போட்ட குலையின் மேல் நனைந்த மினுக்கம் போய், பழத்தின் ஆரஞ்சும் கருஞ்சிவப்பும் தனித்தனியாகப் பிரிந்து நிற்கும். இதை வேறு எந்த ஃபில்டரும் செய்யாது. கணினியில் நிறத்தைக் கூட்டினாலும் வராது, ஏனென்றால் அந்த மினுக்கத்துக்குக் கீழே இருந்த நிறம் படத்தில் பதிவாகியே இருக்காது.

ரப்பர் இலை, வாழை இலை, தார்ச் சாலை ஈரம், ஆற்று நீர், காரின் வண்ணப்பூச்சு, ஜன்னல் கண்ணாடி ஆகிய எல்லாவற்றிலும் இது வேலை செய்யும். நீரில் பிரதிபலிப்பை நன்றாக நீக்க வேண்டுமானால் நீர்ப்பரப்போடு ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்படி நில்லுங்கள். பூச்சில்லாத தகரம், பித்தளைக் குத்துவிளக்கு, எவர்சில்வர் போன்ற உலோகத்தின் பளபளப்பை மட்டும் அது நீக்காது.

நீல வானம் கிடைக்கும் நாளில் சூரியனுக்கு 90 பாகை விலகிய பகுதியில்தான் பலன் அதிகம். சுட்டுவிரலைச் சூரியனை நோக்கி நீட்டி, கட்டைவிரலைச் செங்குத்தாக விரித்துக் கையைச் சுழற்றுங்கள். கட்டைவிரல் காட்டும் திசைகளில் வானம் கருக்கும். காலையிலும் மாலையிலும் சூரியன் கிழக்கிலோ மேற்கிலோ தாழ்ந்திருக்கும்போது வடக்கு, தெற்குத் திசைகளைப் பார்த்து எடுக்கலாம். நம் பக்கத்தில் சூரியன் உச்சிக்கு வருவது பன்னிரண்டு மணிக்கு அல்ல, மதியம் ஒன்றேகால் மணியளவில். அப்போது பலன் அடிவானத்தை ஒட்டி விழும். அங்கே வெப்பமும் தூசியும் கலந்திருப்பதால் பெரிதாகத் தெரியாது. 18 எம்எம் போன்ற அகன்ற கோணத்தில் வானத்தின் ஒரு பக்கம் மட்டும் கருத்துப்போவதும் உண்டு. புகைமூட்டக் காலத்தில் எந்த ஃபில்டரையும் நம்பிக் காசைச் செலவழிக்காதீர்கள்.

வளையத்தை எப்போதும் கடைசிவரை திருப்ப வேண்டும் என்பதில்லை. தைப்பூசத்தன்று ஈப்போ கல்லுமலையில் காவடி எடுத்து வருபவரின் தோளில் வியர்வை மின்னுகிறதே, அந்த மினுக்கம்தான் படத்தின் உயிர். போலரைசர் அதைத் துடைத்துவிடும். முகங்களை எடுக்கும்போது கழற்றிவிடுங்கள். வானவில்லை எடுக்கும்போதும் எச்சரிக்கையாகத் திருப்புங்கள். வானவில்லின் ஒளியே ஒரு திசைப்பட்டது என்பதால் தவறான கோணத்தில் வில்லின் ஒரு பகுதி மறைந்துவிடும்.

போலரைசர் ஒன்றரையிலிருந்து இரண்டு ஸ்டாப் வரை ஒளியை விழுங்கும். ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது; இரண்டு ஸ்டாப் என்றால் கால்பங்குதான் மிஞ்சும். ஆகவே மாலை ஆறு மணிக்கு மேல் காட்டுக்குள் அதை மாட்டிக்கொண்டு, படம் ஏன் ஆடிப்போகிறது என்று கேமராவைக் குறை சொல்லக்கூடாது.

பழைய லென்ஸ் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கேனன், நிக்கான் இரண்டின் பழைய 18-55 வகைகளிலும் ஃபோகஸ் மாறும்போது முன்கண்ணாடி சுற்றும். அதோடு போலரைசரும் சுற்றிவிடும். முதலில் ஃபோகஸ் செய்துவிட்டு, பிறகு வளையத்தைத் திருப்புங்கள்.

கடையில் போலரைசரைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். கடைக்காரரின் கால்குலேட்டரைக் கேட்டு வாங்குங்கள். ஃபில்டரின் மரைப்பக்கம் உங்கள் கண்ணை நோக்கி இருக்கும்படி பிடித்துக்கொண்டு, அதன் வழியாகக் கால்குலேட்டர் திரையைப் பார்த்தபடி வளையத்தைத் திருப்புங்கள். ஒரு நிலையில் திரை முழுதும் கறுத்துவிட வேண்டும். கறுக்காமல் சாம்பலாகவோ நீலமாகவோ நின்றால் அது மட்டமான படலம். பிறகு ஃபில்டரைப் புரட்டி, மரைப்பக்கம் திரையை நோக்கி இருக்கும்படி பாருங்கள். இப்போது எப்படித் திருப்பினாலும் முழுதாகக் கறுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் கறுத்தால் அது பழைய லீனியர் வகை. கண்ணாடி மடங்கும் டிஎஸ்எல்ஆர் கேமராவின் ஃபோகஸையும் ஒளி அளவையும் அது ஏமாற்றிவிடும். அந்த மடங்கும் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவில் பொதுவாக இந்தச் சிக்கல் இல்லை. அங்கே லீனியர் வகையும் ஒழுங்காக உழைக்கும். ஃபிலிம் காலத்து ஸ்டூடியோக்காரர்கள் கையில் இப்படிப்பட்ட ஜப்பான் ஃபில்டர்கள் இன்னும் இருக்கின்றன. கேட்டால் சொற்ப விலைக்குக் கொடுப்பார்கள்.

அடுத்து பூச்சு. எந்த ஃபில்டராக இருந்தாலும் பணத்தின் பெரும்பகுதி இதற்குத்தான் போகிறது, போகவும் வேண்டும். வெறும் கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் சுமார் 4 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். முன்னும் பின்னுமாக 8 விழுக்காடு. அந்த ஒளி லென்ஸுக்கும் ஃபில்டருக்கும் இடையே எதிரொளித்து, படத்தில் பேய்ப்பொட்டுகளாக விழும். பலமுறை பூச்சிட்ட கண்ணாடியில் இந்த இழப்பு வெகுவாகச் சுருங்கிவிடும். இதையும் கண்ணாலேயே பார்க்கலாம். ஃபில்டரைக் கறுப்புப் பையின் மேல் வைத்து, கடைக் கூரையில் உள்ள குழல்விளக்கின் பிம்பம் அதில் விழும்படி சாய்த்துப் பாருங்கள். விளக்கு வெள்ளை வெளேரென்று தெரிந்தால் பூச்சில்லை. மங்கிப்போய், பச்சையாகவோ ஊதாவாகவோ தெரிந்தால் பூச்சு இருக்கிறது. பக்கத்தில் இன்னொரு ஃபில்டரை வைத்து ஒப்பிட்டால் வேறுபாடு உடனே விளங்கும். போலரைசரில் உள்ளே இருக்கும் படலமே கருமையாக இருப்பதால் முன்பரப்பின் பிம்பத்தை மட்டும் கவனித்தால் போதும்.

பெயர்களைப் பொறுத்தவரை, ஹோயா, கென்கோ, மருமி மூன்றும் ஜப்பான். பி பிளஸ் டபிள்யூ ஜெர்மனி. நிசி, ஹைடா, கே அண்ட் எஃப் கான்செப்ட் சீனா. நடுத்தர விலையில் ஹோயா எச்எம்சி, மருமி, கே அண்ட் எஃப் ஆகியவற்றின் பலமுறை பூச்சிட்ட வகைகளே நம்மைப் போன்றவர்களுக்குப் போதும். 300 வெள்ளி லென்ஸின் முன் 300 வெள்ளி ஃபில்டரை மாட்டுவதில் பொருளில்லை. ஆனால் பேர்பெற்ற பெயர் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்றால் நின்று யோசியுங்கள். ஹோயாவின் பெயரில் போலிகள் உலவுகின்றன. திருப்பிக் கொடுக்கும் வசதி உள்ள இடத்தில் வாங்கி, வந்த அன்றே சோதித்துவிடுங்கள்.

வீட்டில் செய்ய வேண்டிய சோதனை இரண்டு. வெள்ளைத் தாளை வெளியில் நிழலில் வைத்து, கேமராவின் வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) நிலையாக நிறுத்தி, ஃபில்டருடன் ஒரு படம், இல்லாமல் ஒரு படம் எடுங்கள். மஞ்சளோ பழுப்போ ஏறியிருந்தால் தெரிந்துவிடும். லேசான சாயம் பரவாயில்லை, கணினியில் சரிசெய்யலாம். இரண்டாவதாக, கையில் உள்ள நீள லென்ஸை முக்காலியில் பொருத்தி, தெருமுனையில் உள்ள பெயர்ப்பலகையை அதேபோல் இரண்டு முறை எடுங்கள். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் கண்ணாடி சமதளமாக இல்லை. அதைத் திருப்பிக் கொடுங்கள்.

யூவி ஃபில்டரைக் கேமரா விற்கும்போதே கட்டாயம்போல் சேர்த்து விற்கிறார்கள். ஃபிலிமுக்குப் புற ஊதாக் கதிர் பகை. அதனால் அன்று அது தேவைப்பட்டது. டிஜிட்டல் கேமராவின் சென்சாருக்கு முன்பாகவே அந்தக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி இருக்கிறது. இன்று யூவி ஃபில்டர் செய்வது காவல் வேலை மட்டுமே. அந்தக் காவலும் எல்லா நேரமும் வேண்டியதில்லை. லென்ஸ் இடிபடாமல் காக்க நிழல்மூடி போதும், அது படத்தையும் கெடுக்காது.

ஆனால் நாம் எடுக்கும் சில இடங்களில் எனக்கு அது கட்டாயம் வேண்டும். சிதறுதேங்காய் உடைக்கும் இடத்தில் ஓடு தெறிக்கும், தேங்காய்த் தண்ணீர் தெறிக்கும். பால்குடம் தளும்பும். மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். திருநீறு காற்றில் பறந்து முன்கண்ணாடியில் படியும். அவசரத்தில் சட்டை நுனியால் துடைத்தால் கீறல் விழும். அங்கே பூச்சிட்ட யூவி ஒன்றை மாட்டிக்கொள்ளுங்கள். லூமுட், பங்கோர் பக்கம் கடற்கரைக்குப் போனாலும் உப்புச் சாரலுக்கு அது நல்லது. திருவிழா அன்றிரவு தீமிதிக்குப் போகும்போது மறக்காமல் கழற்றிவிடுங்கள். இருட்டில் தீப்பந்தமும் மின்விளக்கும் சட்டத்துக்குள் இருக்கும்போது, ஒவ்வொரு விளக்குக்கும் எதிர்மூலையில் தலைகீழாக ஒரு பச்சைப் பொட்டு விழும். பூசாரியின் நெற்றியில் அது வந்து உட்கார்ந்துவிட்டால் அந்தக் கணத்தை மீண்டும் எடுக்க முடியாது.

என்டி ஃபில்டர் ஒளியைக் குறைப்பதற்கானது. அருவி நீரைப் பட்டுபோல் காட்ட எல்லோரும் இதைத்தான் தேடுகிறார்கள். எண்ணைப் படிக்கத் தெரிந்துகொள்ளுங்கள். என்டி 8 என்றால் ஒளி எட்டில் ஒரு பங்காகும், அதாவது மூன்று ஸ்டாப். சிலர் அதையே 0.9 என்று எழுதுவார்கள். என்டி 64 ஆறு ஸ்டாப், 1.8. என்டி 1000 பத்து ஸ்டாப், 3.0. ஃபில்டர் இல்லாமல் ஷட்டர் திறந்திருக்கும் நேரம் 1/60 வினாடி வந்தால் என்டி 8 போட்டு ஏறத்தாழ 1/8, என்டி 64 போட்டு ஒரு வினாடி, என்டி 1000 போட்டு 16 வினாடி.

அருவிக்குக் கால் வினாடியிலிருந்து ஒரு வினாடி வரை போதும். செம்மோர் பக்கத்தில் உள்ள உலு செப்போருக்குக் காலையில் போனால் மரநிழலில் ஐஎஸ்ஓ 100, துளையளவு எஃப் 11 வைத்து 1/8 வினாடி வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். போலரைசரை மாட்டினாலே அரை வினாடியாகிவிடும். ஈரப்பாறையின் பளபளப்பும் அடங்கும். என்டிக்கு அங்கே வேலையே இல்லை. முக்காலிக்குத்தான் வேலை. வெயில் அடிக்கும் திறந்த ஆற்றிலோ கடற்கரையிலோ எடுப்பவருக்கு மட்டும் என்டி 64 ஒன்றைப் பரிந்துரைப்பேன். இருண்ட என்டி போட்டால் முதலில் ஃபோகஸ் செய்து, ஃபோகஸை மேனுவலுக்கு மாற்றி, பிறகு ஃபில்டரை மாட்டுங்கள். டிஎஸ்எல்ஆரில் பார்வைத் துளையைத் துணியால் மூடுங்கள். பின்னாலிருந்து ஒளி புகும். மலிவான என்டியில் செந்நிறமோ பழுப்போ ஏறுவது வழக்கம் என்பதால், பிறகு கணினியில் நிறத்தைத் திருத்த வசதியான ரா கோப்பாக எடுங்கள். திருப்பித் திருப்பி அளவு மாற்றும் வேரியபிள் என்டி வீடியோ எடுப்பவருக்கு வசதியானது. அதன் உள்ளே இரண்டு போலரைசர்கள் இருப்பதால் கடைசி அளவில் படத்தின் குறுக்கே பெருக்கல் குறிபோல் கருநிழல் விழும். எந்த என்டி வழியாகவும் சூரியனைக் கண்ணால் பார்க்காதீர்கள், பிள்ளைகளையும் பார்க்க விடாதீர்கள். கண்ணுக்குத் தெரியாத கதிர்கள் அதன் வழியே புகுந்து பார்வையைப் பறித்துவிடும்.

குறைந்த காசில் நிறைய மகிழ்ச்சி தருவது குளோஸ்-அப் ஃபில்டர். பூதக்கண்ணாடி வேலைதான். பிளஸ் 1, 2, 4, 10 என்று வரும். லென்ஸை முடிவிலியில் ஃபோகஸ் செய்திருந்தால் பிளஸ் 1 ஒரு மீட்டரிலும், பிளஸ் 2 அரை மீட்டரிலும், பிளஸ் 4 கால் மீட்டரிலும், பிளஸ் 10 பத்து சென்டிமீட்டரிலும் தெளிவு தரும். மங்குக் கோப்பையின் விளிம்பில் தொங்கும் ரப்பர் பால்துளி, வேலியில் உட்கார்ந்த தும்பி, வெற்றிலைக் கொடியின் நரம்பு எல்லாம் கைக்கு எட்டும். பிளஸ் 10ஐத் தவிருங்கள், ஓரங்கள் குழம்பிவிடும். பிளஸ் 2, 4 இரண்டையும் எஃப் 8 அல்லது 11இல் வைத்து எடுங்கள். இரண்டையும் சேர்த்து மாட்டினால் வலுவானது லென்ஸுக்கு அருகில் இருக்க வேண்டும். ஈடுபாடு நிலைத்துவிட்டால் ரேநாக்ஸ் டிசிஆர்-250 என்ற குளோஸ்-அப் கண்ணாடியை வாங்கச் சேமியுங்கள். 52இலிருந்து 67 வரை எந்த லென்ஸிலும் கவ்விக்கொள்ளும்.

வண்ண ஃபில்டர்கள் கறுப்பு வெள்ளை ஃபிலிம் போடுபவருக்கு மட்டும். பாதி கறுத்த கிராஜுவேட்டட் வகையும் வேண்டாம். வெளிச்சத்தை மாற்றி இரண்டு மூன்று படங்கள் எடுத்துக் கணினியில் சேர்த்தால் அதே பலன் இலவசம்.

வாங்கியதைக் காப்பது நம் ஈரக்காற்றில் தனிக்கலை. ஃபில்டரை லென்ஸில் மாட்டியபடியே மாதக்கணக்கில் அலமாரியில் வைக்காதீர்கள். இடையில் சிக்கும் ஈரம் பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வையுங்கள், மணிகள் நிறம் மாறினால் மாற்றுங்கள். போலரைசரை வெயிலில் நிற்கும் காரில் விடக்கூடாது. உள்ளிருக்கும் படலம் ஒட்டு விட்டுப் பிரியும். மழையில் நனைந்து வந்தால் முதலில் ஊதித் தூசியை நீக்கி, பிறகு மென்துணியால் ஒற்றுங்கள்.

ஃபில்டர் இறுகிப்போய்க் கழலாவிட்டால் விரலால் அழுத்திப் பிடிக்காதீர்கள். அழுத்த அழுத்த வட்டம் நசுங்கி இன்னும் இறுகும். மோட்டார் சைக்கிள் டயரின் உள் டியூபிலிருந்து ஒரு விரல் அகலப் பட்டை வெட்டி விளிம்பைச் சுற்றிக் கட்டி, எல்லாப் பக்கமும் ஒரே அளவு விசை விழும்படி தளர்வாகப் பிடித்து இடப்பக்கம் திருப்புங்கள். போலரைசராக இருந்தால் சுழலும் முன்வளையத்தை விட்டுவிட்டு, லென்ஸை ஒட்டியுள்ள பின்வளையத்தில் பட்டையைக் கட்ட வேண்டும்.